கிராமத்து லுத்தரன் சபைக்கு வரலாறு எழுதுகிறோம்: எந்த வருஷத்தைத் தொடக்கம் என்று போடுவது?

மண்ணியாறு:

ஸ்தோத்திரம். மாயவரம் பக்கத்துக் கிராமச் சபை ஒன்று, டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை). இப்போது 64 குடும்பம். ஆயர், பல சபைகள் சேர்ந்த குருசேகரத்தின் தலைமை ஊரில் இருக்கிறார், இங்கே வாராவாரம் ஆராதனை நடத்துவது உபதேசியார்தான். வருகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு 60 பக்கத்தில் சபை வரலாறு அச்சடிக்கக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. தொடக்க வருஷத்திலேயே தகராறு.

கையில் இருப்பது இவ்வளவுதான்: ஆலய முகப்புக் கல்லில் 1884. ஞானஸ்நானப் பதிவேடு 1861 நடுவிலிருந்து தொடங்குகிறது, முன்பக்கங்கள் கிழிந்து போய்விட்டன. பெரியவர்கள் "இது சுவார்ச் ஐயர் காலத்துச் சபை" என்கிறார்கள் (சுவார்ச் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி; மிஷனரிகளை ஐயர் என்பது வழக்கு). இன்னொரு சாரார் "தாது வருஷப் பஞ்சத்தில் சேர்ந்தவர்கள்" என்கிறார்கள். ஆலய நிலத்தின் பழைய பட்டா சர்ச் ஆப் ஸ்வீடன் மிஷன் பேரில் இருக்கிறது. ஒரு தகரப் பெட்டி நிறையக் கணக்குப் புத்தகங்கள், பாதி ராமபாணம் அரித்தது.

எந்த வருஷத்தைப் போடுவது? பதிவேட்டை எப்படி வாசிப்பது? 1861க்கு முந்தியதை எங்கே தேடுவது?

---

ஓலைநறுக்கு:

நான்கு பேரும் நான்கு வேறு வருஷத்தைச் சொல்லுகிறார்கள், நான்குமே சரியாக இருக்கக்கூடும். ஒரு கிராமச் சபைக்குப் பிறந்தநாள் ஒன்றல்ல. அந்த ஊரில் முதல் ஞானஸ்நானம், முதல் ஜெபக்கூடம், ஊரிலேயே தங்கிய முதல் உபதேசியார், சொந்தப் பதிவேடு, கல் ஆலயம் என்று ஐந்தாறு தேதிகள் உண்டு. இவற்றுக்குள் 100 வருஷ இடைவெளிகூட இருக்கலாம். அட்டையில் ஒரு வருஷம் போட்டே ஆகவேண்டுமென்றால், அது எதன் வருஷம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். "தோற்றம் 1740" என்று மொட்டையாகப் போடும் புத்தகங்களால்தான் இத்தனை குழப்பமும்.

கல்லிலிருந்து தொடங்குங்கள். வருஷத்துக்கு முன்னால் என்ன சொல் வெட்டியிருக்கிறது? "அஸ்திவாரம்" என்றால் வேலை தொடங்கிய வருஷம், "பிரதிஷ்டை" என்றால் முடிந்த வருஷம். கிராமங்களில் இரண்டுக்கும் நடுவே சில வருஷங்கள் ஓடிவிடும், பணம் தீர்ந்து சுவர் மட்டத்தில் நின்ற ஆலயங்கள் ஏராளம். ஒரு வார்த்தையும் இல்லாமல் 1884 மட்டும் என்றால், அதற்கு முன் அங்கே ஒரு கூரைக்கோயில் இருந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள். பதிவேடு 1861இல் இருக்கிறதே, அந்த 23 வருஷம் அவர்கள் எங்கே கூடினார்கள்?

சுவார்ச் ஐயர் கதைக்கு வருவோம். அவர் தரங்கம்பாடிக்கு வந்தது 1750. 1762 முதல் திருச்சியில், 1778 முதல் தஞ்சையில், 1798 பிப்ரவரி 13 அன்று மரணம். உங்கள் பக்கம் அவர் காலத்துக்கு முந்தியே உபதேசிமார் நடந்த பகுதி. முதல் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கியது டேனிஷ்காரர்களின் சின்ன எல்லைக்குள். அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய அரசு, வெள்ளைக்கார ஐயர்மார் நினைத்தபடி போய்வர முடியாது. ஆகவே கிராமங்களில் சபை கூட்டியவர்கள் தமிழ் உபதேசிமாரும், 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்ற ஆரோனும், 1741இல் பட்டம் பெற்ற தியோகுவும்தான். "சுவார்ச் ஐயர் காலம்" என்பது பல ஊர்களில் "ரொம்பப் பழைய காலம்" என்பதற்கு ஒரு வழக்குச் சொல், அவ்வளவே. பேர்பெற்ற ஐயர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, உண்மையில் வெயிலில் நடந்த உபதேசியாரை விட்டுவிடாதீர்கள்.

பஞ்சத்தைப் பற்றி: தாது வருஷம் 1876-77. உங்கள் பதிவேடு 1861இல் ஆரம்பிப்பதால் சபை பஞ்சத்தில் தோன்றவில்லை என்பது அங்கேயே முடிந்தது. அதோடு அந்தப் பஞ்சம் கடுமையாக அடித்தது சேலம், ஆற்காடு, பல்லாரி பக்கம். காவிரிப் பாசனம் இருந்த தஞ்சையில் அடி குறைவு. ஆனால் 1877, 1878 பக்கங்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள். பெரியவர்களின் ஞானஸ்நானம் திடீரென்று கூடியிருந்தால் அந்தக் குடும்பங்கள் மட்டும் அப்போது வந்தவை. இரண்டு சாராரும் தங்கள் தங்கள் குடும்பத்தின் வரலாற்றைச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

---

கூரைக்கோயில்:

பதிவேட்டை வாசிக்க.

முதலில் கிழிந்த பக்கம். மிஞ்சியிருக்கும் முதல் பக்கத்தில் இடது ஓரத்து வரிசை எண்ணைப் பாருங்கள். எண் 143 என்று தொடங்கினால் அதற்கு முன் 142 ஞானஸ்நானம் பதிவாகியிருந்தது என்று பொருள். ஆனால் சில பதிவேடுகளில் ஜனவரிக்கு ஜனவரி எண் 1இலிருந்து மறுபடி தொடங்கும். அடுத்த ஜனவரிப் பதிவைப் பார்த்து எந்த முறை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கணக்குப் போடுங்கள்.

எண்கள் தமிழ் எண்ணாக இருந்தால் கவனம். ௧ பார்க்க க மாதிரி, ௨ உ மாதிரி, ௪ ச மாதிரி, ௫ ரு மாதிரி, ௬ சு மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி, ௰ ய மாதிரி. 1861ஐ ௲௮௱௬௰௧ என்றும் எழுதுவார்கள், ௧௮௬௧ என்று இடமதிப்பு முறையிலும் எழுதுவார்கள், ஒரே உபதேசியார் இரண்டையும் கலந்தும் எழுதுவார். அவசரத்தில் வாசிப்பவர்கள் வயதுப் பத்தியில் இருக்கும் எண்ணைப் பேரின் முதலெழுத்து என்று எடுத்துவிடுகிறார்கள்.

பழைய கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இருக்காது. "தெவசகாயம" என்று இருந்தால் தேவசகாயம். ணை, லை, னை, ணா, றா, னா எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம். இளைஞர்களை வைத்துத் தட்டச்சு செய்வதானால், முதலில் அவர்களுக்கு இந்த எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

எடுத்தெழுதும்போது இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் உள்ளது உள்ளபடி, பிழையோடு. மற்றதில் இன்றைய எழுத்தில். ஒரே பத்தியில் திருத்தி எழுதினால், மூன்று மாதம் கழித்து அருளாயியும் அருளம்மாளும் ஒரே ஆளா என்ற கேள்வி வரும், அப்போது மூலம் உங்களிடம் இருக்காது. புத்தகப் பக்க எண், வரிசை எண் இரண்டையும் ஒவ்வொரு வரியிலும் போடுங்கள்.

தேதி இருக்கவேண்டிய இடத்தில் "திரித்துவத்துக்குப் பின் 5ம் ஞாயிறு" என்று மட்டும் இருந்தால் கணக்குப் போட்டு எடுக்கலாம். உயிர்த்தெழுந்த பண்டிகையிலிருந்து 56ஆம் நாள் திரித்துவ ஞாயிறு, அதிலிருந்து வாரங்களைக் கூட்டுங்கள். 1861இல் உயிர்த்தெழுந்த பண்டிகை மார்ச் 31, திரித்துவ ஞாயிறு மே 26, ஆகவே மேற்சொன்ன ஞாயிறு ஜூன் 30. ஒவ்வொரு வருஷத்துக்கும் பண்டிகைத் தேதியைப் புதிதாகப் பார்க்கவேண்டும். போன வருஷத்துக் கணக்கை நகர்த்திப் போட்டால் மூன்று வாரம் வரை பிசகும்.

விவாகப் பதிவு வேறு வகை. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி ஒரே விவரம் இரண்டு இடத்தில் எழுதப்படும்: ஒன்று புத்தகத்தில் நிற்கும், மற்றது கிழித்து அரசுக்கு அனுப்பப்படும். நடத்தியவர், மணமக்கள், சாட்சிகள் இரண்டு பேர் கையொப்பமிடவேண்டும். அந்தச் சாட்சிகளின் பேரை விடாதீர்கள். சபை மூப்பர்களும் உபதேசியாரும் அடிக்கடி சாட்சியாக நிற்பார்கள். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை ஓர் உபதேசியாரின் கையொப்பம் வருகிறதோ, ஏறக்குறைய அதுதான் அவர் அங்கே இருந்த காலம். வேறு எங்கும் கிடைக்காத பட்டியல் இப்படித்தான் கிடைக்கும்.

---

மண்ணியாறு:

மிகவும் நன்றி. வரிசை எண் 88 என்று தொடங்குகிறது, 1862 ஜனவரியிலும் எண் தொடர்கிறது. ஆக 87 ஞானஸ்நானம் போய்விட்டது.

இன்னொரு சிக்கல். பக்கத்து ஊரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை இருக்கிறது. இரண்டும் ஒரு காலத்தில் ஒன்று என்கிறார்கள். அப்படி இருக்க முடியுமா?

---

ஓலைநறுக்கு:

முடியும், தஞ்சைப் பக்கம் சகஜம். தஞ்சை, திருச்சி சபைகளுக்குப் பணம் கொடுத்துவந்தது லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். ஐயர்மார் ஜெர்மன் லுத்தரன்கள், செலவு ஆங்கிலிக்கன்கள் என்று ஒரு வினோத ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தச் சபைகள் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் கைக்குப் போய் ஆங்கிலிக்கன் முறைக்கு மாறின. தரங்கம்பாடியோ டேனிஷ்காரர்களிடம் இருந்தது. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோதும் மிஷன் தனியாக நின்றது, பிறகு 1840களின் கடைசியில் ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷனிடம் வந்தது. அந்த மிஷனின் முதல் ஆளான கோர்டஸ் ஐயர் 1841இலேயே வந்துவிட்டார்.

இடையில் சாதிப் பிரச்சினை. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று கட்டளை அனுப்பினார். தஞ்சையில் பெரும் எதிர்ப்பு, கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். லைப்சிக் மிஷனின் தலைவர் கிரௌல் அதைச் சமூக வழக்கம், படிப்படியாகப் போகட்டும் என்ற கருத்துடையவர். அதனால் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து ஆட்கள் லுத்தரன் பக்கம் வந்தார்கள். அதே கொள்கையைச் சகிக்காமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகியவர் ஓக்ஸ் ஐயர், ஆற்காடு லுத்தரன் சபை அவர் வழியில் வந்தது. ஆகவே 1850ஐ ஒட்டி உங்கள் ஊரில் ஒரு பிரிவு நடந்திருந்தால் காரணம் உபதேசமாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எந்தக் காலத்தில் சபை எந்தப் பக்கம் இருந்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை நற்கருணைக்குச் சேர்க்கும் சடங்கு) பதிவேடு. ஆங்கிலிக்கன் முறையில் பிஷப் வந்தால்தான் திடப்படுத்தல். சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக நாற்பது ஐம்பது பேர். லுத்தரன் முறையில் சபைக் குருவே செய்வார். வருஷந்தோறும் அல்லது ஒரு வருஷம் விட்டு நாலைந்து பேர், ஞானோபதேசம் முடித்த பிள்ளைகள். பட்டியல் எப்படித் தேங்கி வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

---

சர்வேகல்:

பட்டா விஷயம்.

ஒரே நிலம் மூன்று பேரில் மாறி மாறி வந்திருக்கும்: லைப்சிக் மிஷன், சர்ச் ஆப் ஸ்வீடன் மிஷன், பிறகு தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. முதல் உலகப் போரில் ஜெர்மன் ஐயர்மார் வெளியேற்றப்பட்டார்கள், வேலையை ஸ்வீடன்காரர்கள் ஏற்றார்கள். வெர்சாய் உடன்படிக்கையின் 438ஆம் பிரிவு ஜெர்மன் மிஷன் சொத்தை அதே விசுவாசமுள்ள டிரஸ்டிகளிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. இந்தியாவில் அதற்காக 1921இல் எதிரி மிஷன்கள் சட்டம் வந்தது. அதனால் ஸ்வீடன் பேரில் பட்டா இருப்பதை வைத்து "ஸ்வீடன்காரர் வாங்கிக் கொடுத்த நிலம்" என்று எழுதிவிடாதீர்கள். வாங்கியது அதற்கு முன்னாலேயே இருக்கலாம், உள்ளூர்க்காரர் தானமாகவும் கொடுத்திருக்கலாம். திருச்சபை அமைந்தது 1919 ஜனவரி 14. முதல் பேராயர் ஹோய்மன் 1921. 1956இல் மாணிக்கம் வரும்வரை பேராயர்கள் எல்லோரும் ஸ்வீடன்காரர்கள். பட்டாவில் பேர் மாறுவதற்குத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்யவேண்டியது: இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இப்போதைய சிட்டா, யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) காலத்து 'அ' பதிவேடு, அதில் காட்டியிருக்கும் பழைய எண், அந்த எண்ணுக்குரிய பழைய செட்டில்மென்ட் பதிவேடு. ஒவ்வொரு படியிலும் உட்பிரிவு எண் மாறும், நேராக ஒரே எண்ணைத் தேடினால் வேறொருவர் வயலில் போய் நிற்பீர்கள். இனாம் நிலமாக இருந்தால் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இனாம் பதிவேடு பார்க்கவேண்டும். யார், எதற்காக, எந்த நிபந்தனையில் கொடுத்தது என்ற விவரம் அதில்தான் இருக்கும். கிரயமாக இருந்தால் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போடுங்கள். பழைய வருஷங்களுக்குக் கணினியில் வராது, கையால் தேட மனு கொடுக்கவேண்டும். கிராமப் பேரும் பழைய எண்ணும் கொடுக்காவிட்டால் "வில்லங்கம் இல்லை" என்று வெறும் தாள் வரும்.

பழைய பத்திரத்தில் மா, குழி என்றிருக்கும். தஞ்சைக் கணக்கில் 100 குழி 1 மா, 20 மா 1 வேலி, வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். ஒரு மா 33 சென்ட்.

கணக்குப் புத்தகத்தில் ரூ. 7-13-4 என்றால் 7 ரூபாய் 13 அணா 4 பை. அந்தப் பை ரூபாய்க்கு 192. தசமமாக்கினால் 7.83. நேரடியாக 7.134 என்று கணினியில் தட்டிக் கூட்டினால் மொத்தம் தப்பும். 1957 ஏப்ரல் 1க்குப் பிறகுதான் நயா பைசா. அறுப்பின் பண்டிகைக் காணிக்கை நெல்லாக இருக்கும், 12 மரக்கால் ஒரு கலம். நெல்லைப் பணமாக மாற்றிக் காட்டாதீர்கள், நெல்லாகவே அச்சிடுங்கள். வருஷத்துக்கு வருஷம் கலம் ஏறியதும் இறங்கியதும் ஊரின் விளைச்சலைச் சொல்லும். சந்தாப் பட்டியலில் பேருக்கு எதிரே ரங்கூன், பினாங்கு என்று குறிப்பு இருந்தால் அதைத் தனியே எழுதிவையுங்கள்.

---

பழவாறு:

1861க்கு முந்தியதற்கு மூன்று இடம்.

தாய்ச் சபைப் பதிவேடு முதலில். சொந்தப் பதிவேடு தொடங்கும் முன் உங்கள் ஊர் ஞானஸ்நானம் மிஷன் ஸ்தலத்துப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும், ஊர்ப் பத்தியில் உங்கள் கிராமத்தின் பேரோடு. குருசேகர ஆயர் மூலம் கேளுங்கள். தரங்கம்பாடியில் தேடும்போது புதிய எருசலேம் ஆலயத்துப் பதிவேடு என்று குறிப்பாகக் கேட்கவேண்டும். சீயோன் ஆலயம் டேனிஷ்காரர்களுக்குரியது, அதன் பதிவேட்டில் தமிழ்க் கிராமத்தாரைத் தேடிப் பயனில்லை. லண்டனில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிச் சபைப் பதிவுகளும் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை.

அடுத்தது சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியின் ஆவணக்காப்பகம். மூன்றாவது ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனம். தரங்கம்பாடிக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கே இருக்கின்றன, லைப்சிக் மிஷன் காகிதங்களும் இப்போது அங்கேதான். 1710 முதல் அச்சான ஹாலே அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உபதேசிமார் எந்த ஊருக்குப் போனார்கள், யாரோடு பேசினார்கள் என்று நாள்வாரியாக அதில் வரும்.

தேடும்போது ஊர்ப் பேரை ஜெர்மன் காதால் கேளுங்கள். யகரத்துக்கு ஜே என்ற எழுத்து, வகரத்துக்கு டபிள்யூ, சகரத்துக்கு எஸ்-சி-ஹெச் அல்லது டி-எஸ்-சி-ஹெச். ஒரே ஊர் ஒரே வருஷத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். அச்சு பழைய ஜெர்மன் எழுத்து. கணினி வாசிப்பு அதன் நீண்ட எஸ்ஸை எஃப் என்று எடுத்துவிடும், எஸ் வரும் பேர்களை எஃப் போட்டும் தேடுங்கள். கையெழுத்துப் பிரதிகள் இன்னும் கஷ்டம், ஜெர்மன்காரர்களிலேயே பழகியவர்தான் வாசிப்பார். அட்டவணையிலுள்ள சுருக்கத்தைப் பார்த்து, ஊர்ப் பேர் வரும் கடிதத்துக்கு மட்டும் உதவி கேளுங்கள்.

தேதியில் ஒரு பொறி. டென்மார்க் 1700லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, ஆங்கிலேயர் 1752இல்தான் மாறினார்கள். அதற்கு முந்திய ஒரே நிகழ்ச்சி தரங்கம்பாடிக் கடிதத்தில் ஒரு தேதியும் சென்னை ஆங்கிலக் காகிதத்தில் 11 நாள் முந்திய தேதியும் கொண்டிருக்கும். இரண்டு நிகழ்ச்சி என்று எழுதிவிடக்கூடாது.

---

மண்ணியாறு:

இரண்டே கேள்வி. பதிவேட்டில் "ஜாதி" என்று ஒரு பத்தி இருக்கிறது. அச்சிடுவதா? மேலும் தாள் உதிர்கிறது, லாமினேட் செய்யலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொல்கிறார்.

---

கூரைக்கோயில்:

லாமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் தாள் இன்னும் நொறுங்கும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பசை மஞ்சளாகி மையைத் தின்னும். பழைய பழுப்பு மை இரும்புச் சத்துள்ளது, ஈரம் பட்டால் தாளைத் துளைத்துக்கொண்டு போகும். ஆகவே துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய உலர்ந்த தூரிகை போதும். முதலில் படம் எடுங்கள்: ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கேமரா தாளுக்கு நேர்மேலே, ஒரு பக்கத்துக்கு ஒரு படம், வெற்றுப் பக்கம் உட்பட. தைப்பு இறுகியிருந்தால் 180 பாகைக்கு அமுக்கி விரிக்காமல் இரண்டு பக்கமும் தலையணை வைத்துத் தாங்குங்கள். படத்தின் மூன்று நகல் மூன்று வீட்டில் இருக்கட்டும். புத்தகத்தை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள். தகரப் பெட்டி வேர்க்கும்.

---

ஓலைநறுக்கு:

ஜாதிப் பத்தியை எடுத்தெழுதும் கோப்பில் விடாமல் எழுதுங்கள், அச்சில் பேருக்கு எதிரே போடாதீர்கள். மறைத்துவிட்டால் யார் எங்கே உட்கார்ந்தார்கள், கல்லறைத் தோட்டம் ஏன் இரண்டாகப் பிரிந்தது என்பதற்கெல்லாம் விளக்கமே இல்லாமல் போகும். பேரோடு போட்டால் இன்றிருக்கும் 64 குடும்பத்துக்கும் முத்திரை குத்தியதாகிவிடும். மொத்த எண்ணிக்கையாக, வருஷத்தோடு ஓர் அத்தியாயம் எழுதுங்கள். சபை தானே செய்ததை நேராகச் சொல்லிவிடுவது நல்லது, "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று பூசி மெழுகவேண்டாம்.

கல்லறைக் கற்களையும் மறக்காதீர்கள். அடக்கப் பதிவேடு தொலைந்த வருஷங்களுக்கு அதுதான் சாட்சி. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ, சாய்ந்த வெயிலில் வாசியுங்கள். வெயில் படாத கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைத் திருப்பினால் எழுத்து எழும்பும். கம்பிப் பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு எதுவும் போடவேண்டாம். சுத்தத் தண்ணீர், தென்னை நார் போதும்.

அட்டைக்கு: "சொந்தப் பதிவேடு 1861க்கு முன், கல் ஆலயம் 1884" என்று இப்போதைக்குப் போடலாம். தாய்ச் சபைப் புத்தகத்தில் உங்கள் ஊர்ப் பேர் முதலில் வரும் வருஷம் கிடைத்தால் அதை மேலே சேருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் கல்லின் அடிப்பாகத்தைச் சிமெண்ட் பூச்சு மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் தரையை உயர்த்தும்போது கடைசி வரி உள்ளே போயிருக்கும். பெரும்பாலும் அந்த வரியில்தான் "புதுப்பிக்கப்பட்டது" என்று இருக்கும்.